மூன்று சுரக்கூட்டுகள்

கிற்றாரில் நாம் அறிந்தவை ஜீ, சீ, டீ என்னும் மூன்று சுரக்கூட்டுகளே. வேலை முடிந்த மாலைகளில் பயின்றவை. பலர் கூடிப் பாடும் பாட்டுக்குத் துணைநிற்க அவை போதும். இதை அரைகுறை வித்தையென எள்ளுவோர் உளர்.

1830களில் மெக்சிக்கோவின் மாடு மேய்ப்போர் ஹவாய்த் தீவுகளுக்குக் கிற்றாரைக் கொண்டு சென்றனர். அத்தீவினரோ தந்திகளைத் தளர்த்தித் தம் பாட்டுக்கேற்பச் சுருதி கூட்டினர். அம்முறைகளுள் ஒன்று எமக்கும் கைவந்தது. 6ஆம், 5ஆம், 1ஆம் தந்திகளை வீணையிற் போன்ற மெட்டுகளில் இரண்டளவு இறக்கினால், விரல் வைக்காமலே ஜீ ஒலிக்கும். 5ஆம் மெட்டில் ஒரு விரலைக் குறுக்கே அழுத்தினால் சீ. 7ஆம் மெட்டில் டீ.

கருவிக்காகக் கையை வருத்துவது ஒரு வழி. உழைத்துக் களைத்த கைக்காகக் கருவியைத் திருத்துவது மற்றொரு வழி. பின்னதையே நாம் போற்றுகிறோம். இசை ஓய்வுள்ளோரின் தனியுடைமையாதல் தகுமோ?