பதினாறில் ஒரு பங்கு விஜயந்தா

"ஆவடி டாங்கி ஒண்ணு இங்க புல்வெளில ஓடுதுடா. வந்தா காட்டறேன்" என்று நியூகாசிலிலிருந்து நண்பன் செய்தி அனுப்பியிருந்தான். அவன் அப்பா ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டாங்கி விஷயத்தில் அவன் கதை விடமாட்டான். வேறு வேலையாக லண்டன் போயிருந்த நான் வடக்கே போகும் ரயிலில் ஏறினேன்.

ஊருக்கு வெளியே ஆடு மேய்கிற நிலம். ஒரு மூலையை மட்டும் கயிறு கட்டித் தடுத்திருந்தார்கள். கார் டிக்கிகளிலிருந்து பழைய போர்வை சுற்றிய டாங்கிகள் இறங்கின. எல்லாம் ரிமோட்டில் ஓடுபவை, அசலில் பதினாறில் ஒரு பங்கு: ஜெர்மன் டைகர், அமெரிக்க ஷெர்மன், ரஷ்ய டி-34. பெட்டியில் வாங்கியவையானால் பெரும்பாலும் ஜப்பானின் டாமியா அல்லது சீனாவின் ஹெங் லாங். ஓட்ட வந்தவர்களில் பாதிப்பேர் பென்ஷன்காரர்கள். பிளாஸ்க் டீ, மடக்கு நாற்காலி, முழங்கால் வலிப் பேச்சு.

வீட்டுத் தரையில் எந்த மாடலும் ஓடும். வெளியே வந்தால்தான் சங்கதி தெரிகிறது. பத்து சென்டிமீட்டர் புல் இதற்கு ஒன்றரை மீட்டர் புதர். கோலிக்குண்டு அளவுக் கூழாங்கல், கால்பந்து அளவுப் பாறை. எடைக் கணக்கோ இன்னும் விசித்திரம். நீளம் பதினாறில் ஒன்றானால் எடை 4,096-இல் ஒன்றாகிவிடும். 57 டன் டைகர், கணக்குப்படி பதினான்கு கிலோ இருக்க வேண்டும். பிளாஸ்டிக் உடல் அதில் பாதிகூட வராது. கஷ்டப்பட்டு அந்தப் பதினான்கு கிலோவை ஏற்றினாலும், மண்ணை அழுத்துவது அசலின் அழுத்தத்தில் பதினாறில் ஒரு பங்குதான். ஆக, பெரிய டாங்கி புதைந்துபோகும் சேற்றில் இது மேலாகவே போய்விடும். ஒரு புல்தண்டு சக்கரத்தில் சுற்றிக்கொண்டால் அங்கேயே படுத்துவிடும்.

டைகருக்கு இந்தத் தொல்லை அதிகம். அதன் சக்கரங்கள் ஒன்றின் இடுக்கில் ஒன்றாகச் செருகி அடுக்கியவை. ரஷ்யக் குளிரில் அந்த இடுக்குகளில் சேறு உறைந்து வண்டியைக் கட்டிப்போட்டது போர் வரலாறு. இங்கே ஒருவர் மண்டியிட்டு, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இடுக்கியால் அதே இடத்திலிருந்து ஆட்டுப்புழுக்கை எடுத்துக்கொண்டிருந்தார்.

சண்டையும் உண்டு. குண்டுக்குப் பதில் அகச்சிவப்புக் கதிர். கோபுரத்தின் மேல் ஆப்பிள் மாதிரி ஒரு ரிசீவர். கதிர் பட்டால் வண்டி குலுங்கும். டாமியா வகுத்த முறையில் இலகு டாங்கி மூன்று அடியில் சாகும், நடுத்தரம் ஆறில், கனரகம் ஒன்பதில். வெயில் ஏறினால் கதிர் எட்டாது என்பதால், மேகம் மூடினால் இவர்களுக்குக் கொண்டாட்டம். இதன் சுற்றுப்பலகையைப் பற்றி நண்பன் நீளமாக விளக்கினான். எனக்கு ஏறவில்லை, விட்டுவிட்டேன்.

நான் பார்க்க வந்தது இந்தக் கும்பலுக்குத் தள்ளி, வேலியோரம் தனியாக ஊர்ந்துகொண்டிருந்தது. தட்டையான முதுகு, பக்கத்துக்கு ஆறு சக்கரம், நீண்ட 105 மில்லிமீட்டர் பீரங்கியின் குட்டி. ஆவடி டாங்கி விஜயந்தாவேதான். பின்னால் நீல ஓவராலில் எழுபத்தைந்தை ஒட்டிய பெரியவர், வண்டி போகும் வேகத்துக்கே நடந்துவந்தார். அசல் மணிக்கு 48 கிலோமீட்டர் போகும். பதினாறால் வகுத்தால் மூன்று. அதைத் தாண்டி ஓட்டுகிறவர்களை அவருக்குக் கண்டாலே ஆகாது. "பொம்மை கார் ஓட்டணும்னா வேற இடம் இருக்கு" என்பார்.

விஜயந்தா இந்த ஊர்க்காரி. டைன் நதிக்கரையில், 1847-இல் ஆர்ம்ஸ்ட்ராங் தொடங்கிய எல்ஸ்விக் பட்டறை பின்னாளில் விக்கர்ஸ் கைக்கு வந்தது. வடிவமைப்பு விக்கர்ஸுடையது, முதல் வண்டிகளை இங்கேயே கட்டிக் கப்பலேற்றினார்கள். ஆவடியில் கட்டிய முதல் வண்டி 1965 கடைசியில் வெளியே வந்தது. பெரியவர் 1967-இல், பள்ளி முடித்த கையோடு எல்ஸ்விக்கில் அப்ரன்டிஸாகச் சேர்ந்திருக்கிறார். இந்திய வண்டிகள் போய்விட்டிருந்தன. அதே டாங்கியில் குவைத் வாங்கிய எழுபது வண்டிகளில் இவர் கை பட்டிருக்கிறது. பட்டறை இருந்த இடத்தில் இப்போது அலுவலகக் கட்டடங்கள்.

நண்பனின் அப்பா வைத்திருந்த பழைய புகைப்படங்களைப் பார்த்துத்தான் பெரியவர் தன் மாடலில் ஆவடி மாறுதல்களைச் சேர்த்தாராம். அசலில் இருந்த லேலண்ட் எல்60 எஞ்சினின் பெயரைச் சொன்னதும் சிரித்தார். ஆறு சிலிண்டரில் பன்னிரண்டு பிஸ்டன், எதிரெதிராக மோதவரும் அமைப்பு. அது கொடுத்த தலைவலி ஊரறிந்தது. "என் வண்டில அது இல்ல. அதான் ஓடுது."

உடல் பித்தளைத் தகடு, ஈயப்பற்று. சக்கரத்துக்குப் பியானோ கம்பியில் முறுக்கு ஸ்பிரிங். இதெல்லாம் எனக்குப் பாதிதான் புரிந்தது. காரிலிருந்து அவர் எடுத்து நீட்டிய ஜிக் ஒன்று மட்டும் முழுசாகப் புரிந்தது. உள்ளங்கையில் அடங்கும் இரும்புக் கட்டி. நடுவே செயின் கண்ணி உட்காரும் அளவுக்குப் பள்ளம். பக்கவாட்டில் கடினப்படுத்திய எஃகு புஷ், அதற்குள் ட்ரில் பிட் மட்டும் நுழையும். கண்ணியை வை, நெம்புகோலை அமுக்கு, துளையைப் போடு, எடு.

நம்மூரில் செயின் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இது சொல்லாமலே தெரியும்: செயின் கெட்டால் வண்டி இல்லை. கண்ணியின் மூல மாதிரியை அவர் அரத்தால் ராவிச் செய்வார். வார்க்கும்போது பித்தளை சுருங்கும் என்பதால் மாதிரியைச் சற்றுப் பெரிதாகவே செய்ய வேண்டும். வார்ப்பு பர்மிங்ஹாமில், நகை வார்க்கிற இடத்தில். வந்த கண்ணிகள் ஒவ்வொன்றும் இந்த ஜிக்கில் ஏறி இறங்கும். ஒரு பக்கத்துக்கே நூறை நெருங்கும். துளைக்குத் துளை 0.05 மில்லிமீட்டர் தவறினால், நூறு கண்ணியில் ஐந்து மில்லிமீட்டர். பல்சக்கரத்தின் பல் பள்ளத்தில் விழாமல் செயின் மேலே ஏறும். ரிவர்ஸில் திருப்பினால் கழன்று விழும். இரண்டு செயினையும் ஒரே ஆணியில் தொங்கவிட்டுக் காட்டினார். நுனிகள் மட்டமாக நின்றன. ஒன்று இறங்கினால் வண்டி ஒரு பக்கமாக இழுக்குமாம்.

விஜயந்தா விற்பனைக்கில்லை. டைகருக்கும் ஷெர்மனுக்கும் செயினும் கியரும் செய்து கொடுப்பதுதான் அவருடைய கைச்செலவுக்கு வழி. வாங்குவது ஒரு வியாபாரி. வார்ப்புக்கான முன்பணம் பெரியவருடையது. ட்ரில் பிட் அவருடையது. கெட்டுப்போன கண்ணி அவர் தலையில். இணையத்தில் போடும் படத்தைக்கூட அவரே எடுத்துக் கொடுக்கிறார். வியாபாரி அதில் 'கைவேலை' என்று ஒரு சொல் சேர்த்து, இரு மடங்குக்கு மேல் விலை வைக்கிறார். யார் கை என்று எழுதுவதில்லை. காசு வருவது சரக்கு விற்ற பிறகு.

இன்னொன்றும் நடக்கிறது. இந்தப் பொழுதுபோக்கில் இருக்கிற யாராவது செத்தால், துக்கம் ஆறுவதற்குள் இந்த மாதிரி வியாபாரிகள் வீட்டு வாசலில் நிற்பார்கள். விதவைக்கு லேத்தும் தெரியாது, டாங்கியும் தெரியாது. மொத்தமாக ஒரு விலை பேசி வேனில் ஏற்றிப்போய், திருகு திருகாகப் பிரித்து விற்பார்கள். நாற்பது வருஷம் சேர்த்த அரமும் ஜிக்கும் பழைய இரும்பு விலைக்குப் போகும். கேட்கக் கேட்க எனக்கு வயிறு எரிந்தது. செய்கிறவனுக்கு விலை சொல்ல வாய் இல்லாத தொழில் எந்த நாட்டில் இருந்தால் என்ன? பணக்கார நாட்டில், பென்ஷன் வருகிற மனிதர், பொழுதுபோக்குக்குச் செய்வதுதானே என்று தள்ளிவிட முடியவில்லை. பொழுதுபோக்கு என்ற பேரைச் சொல்லித்தான் கூலியை அமுக்குகிறார்கள். எவன் உழைப்பையும் மலிவாக வாங்க வேண்டுமா, 'உங்களுக்கு இதில் ஆசையாச்சே' என்று சொன்னால் போதும்!

நேராகவே கேட்டேன், நீங்களே விற்கலாமே என்று. பார்சல் கட்டுவது, வாங்கியவர் புகாருக்குப் பதில் எழுதுவது, வரிக்கணக்கு இதெல்லாம் தன்னால் ஆகாது என்றார்.

மத்தியானம் அந்த வியாபாரியே வந்துவிட்டார். நல்ல சிரிப்பு, எல்லோருக்கும் பிஸ்கட் வேறு. ஷெர்மனுக்குப் பத்து செட் செயின் வேண்டும் என்றார். பெரியவர் முன்னைவிடக் கொஞ்சம் கூட்டிச் சொன்னார். வியாபாரி, சீனாவிலிருந்து வரும் துத்தநாகச் செயினின் விலையைச் சொல்லித் தோளைத் தட்டினார். பழைய விலைக்கே முடிந்தது.

வேன் கிளம்பியதும் நண்பன் பொரிந்து தள்ளினான். பெரியவர் ஜிக்கை எண்ணெய்த் துணியில் சுற்றிக்கொண்டே, "பித்தளை விலை ஏறியிருக்கு. பத்து செட்னா வார்ப்புக்காரன் குறைச்சுக் கொடுப்பான், அதுல என்னோடதுக்கும் ரெண்டு செட் ஊத்திக்கலாம்" என்றார்.