உறைபனி நாட்டில் – 5: ஒன்பதடி ஆழத்தில் ஒரு சிவப்புக் கோடு

போன வாரம் மினியாபொலிஸ் நகர நடுவில், கட்டடத்துக்குக் கட்டடம் போட்டிருக்கும் கண்ணாடிப் பாலங்களுக்குள்ளேயே, வெளிக்காற்று மேலே படாமல் சுற்றி வந்ததை எழுதியிருந்தேன். குளிருக்குத் தப்ப இந்த ஊர்க்காரர்கள் எவ்வளவு பணம் கொட்டியிருக்கிறார்கள் என்று வியந்தும் இருந்தேன். அதே ஊர்க்காரர்கள் சனிக்கிழமை விடிந்ததும் உறைந்த குளத்தின் நடுவே போய், வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. இந்த வாரம் அந்தக் கதை.

மினியாபொலிஸ் இருக்கும் மினசோட்டா மாநிலத்துக் கார்களின் நம்பர் பலகையில் ‘10,000 ஏரிகள்’ என்று எழுதியிருக்கும். பத்து ஏக்கருக்கு மேற்பட்டவற்றை மட்டும் எண்ணினாலே 11,842 வருகிறது. ஓர் அரசாங்கம் தன் பெருமையைக் குறைத்துச் சொல்லி நான் பார்த்தது இங்கேதான். குட்டிக் குளங்களுக்கு அந்தக் கணக்கில் இடம் கிடையாது. எனக்கு வாய்த்தது அப்படிக் கணக்கில் வராத ஒன்று. புறநகர்ப் பூங்காவின் ஓரம், ஒரு கரையில் நாணல், மறுகரையில் வீடுகளின் பின்வாசல்கள். மாநில இயற்கை வளத் துறை நகரைச் சுற்றியுள்ள ஏழு மாவட்டங்களில் இப்படிப்பட்ட சிறு நீர்நிலைகளைத் தேர்ந்தெடுத்து, மீன் விட்டு, அக்கம்பக்கத்தார் நடந்தே வந்து தூண்டில் போட வழி செய்திருக்கிறது. படகு வேண்டாம், பெரிய வண்டி வேண்டாம். வெளியூர்க்காரனான எனக்கு 24 மணி நேரம், 72 மணி நேரம் என்று குறுகிய கால உரிமமே கிடைத்தது.

என்னை அழைத்துப் போனவர் தங்கை மகனின் பக்கத்து வீட்டுப் பெரியவர். எழுபதைத் தாண்டியவர். பேச்சு குறைவு, கருவி அதிகம். “மாமா, அவர் சொல்ற இடத்துல மட்டும் கால் வைங்க” என்று சொல்லித்தான் மருமகன் என்னை ஒப்படைத்தான். அவன் வரவில்லை. இந்த ஊரில் வேலை பார்க்க வந்ததே பெரிய தியாகம், இதில் பனிமேல் வேறு உட்கார வேண்டுமா என்பது அவன் கட்சி.

பெரியவர் கரையில் நின்று முதலில் எடுத்தது கடப்பாரையை. நுனி தட்டையான இரும்பு. ஓரடி வைப்பதற்கு முன்னால் எதிரே ஓங்கி ஒரு குத்து, பிறகு அடி. துறை வகுத்த கணக்கு இதுதான்: புதிதாக உறைந்த தெளிந்த பனிக்கட்டி நான்கு அங்குலம் இருந்தால் மனிதன் நடக்கலாம், அதற்குக் குறைந்தால் கரையை விட்டு இறங்கவே கூடாது. பனிப்பொழிவு நனைந்து உறைந்த வெள்ளைக் கட்டிக்கு வலு பாதிதான். அதனால் அது இருமடங்கு கனமாக இருக்க வேண்டும். சில குளங்களில் மீன்கள் மூச்சு முட்டிச் சாகாமலிருக்கக் காற்று செலுத்தும் இயந்திரம் வைத்திருக்கிறார்கள். அதைச் சுற்றிப் பனி மெலிந்து கிடக்கும், எச்சரிக்கைப் பலகையும் இருக்கும். பெரியவர் கழுத்தில் கயிற்றில் கோத்த இரண்டு கூர் ஆணிப் பிடிகள் தொங்கின. என் கழுத்திலும் ஒரு ஜோடியை மாட்டிவிட்டார். உள்ளே விழுந்தால் பனியில் குத்தி ஊன்றி மேலே ஏற. அதை மாட்டிய பிறகு எனக்குத் தைரியம் குறைந்ததே தவிரக் கூடவில்லை.

நடுக்குளத்துக்குப் போகும் வழியில் ஓரிடத்தில் முழங்காலிட்டு, மேலிருந்த பனித்தூளைக் கையால் ஒதுக்கினார். கீழே கருத்த, தெளிந்த கட்டி. குடுவையிலிருந்து கொஞ்சம் தண்ணீரை ஊற்றி, அந்த ஈரத்தின்மேல் கம்பி முனையில் இருந்த வட்ட வில்லையை அழுத்தினார். ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் டிரான்ஸ்டியூசர் அது. கையிலிருந்த பெட்டி ஆறடி என்று காட்டியது. எழுந்து நடந்தார். இன்னோரிடத்தில் ஏழு. பிறகு ஒன்பது. துளையே போடாமல் குளத்தின் ஆழத்தை அளந்துகொண்டிருந்தார்! பனிக்கட்டிக்குள் காற்றுக் குமிழ் இருந்தால் இது பலிக்காது, ஒலி அங்கேயே சிதறிவிடும். தெளிந்த கட்டியானால் பலிக்கும்.

ஒன்பதடி ஆழத்தில் நிறுத்தினார். பேட்டரியில் ஓடும் துளைப்பான் சில நொடிகளில் எட்டங்குல ஓட்டையைப் போட்டுவிட்டது. பூந்திக் கரண்டி மாதிரி ஒன்றால் பனித்துருவலை அள்ளி எறிந்தார். கறுத்த தண்ணீர் தெரிந்தது.

ஆழம் காட்டிய அந்தப் பெட்டிக்கு ஃபிளாஷர் என்று பெயர். 1950களின் இறுதியில் மிசௌரி மாநிலத்து கார்ல் லோரன்ஸும் அவருடைய பிள்ளைகளும் தூண்டில்காரர்களுக்கென்று, எதிரொலியால் நீருக்கடியை அறியும் ஒரு சோனார் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். பச்சை நிறம் என்பதால் ‘சின்னப் பச்சைப் பெட்டி’ என்றே அதற்குப் பேராயிற்று. படகுக்காகப் பிறந்தது. அதைப் பனிக்கு இழுத்துவந்தவர்களில் பெரிய பெயர் மினசோட்டாக்காரரான டேவ் ஜென்ஸ். ஒரே ஓட்டையில் நாள் முழுக்கத் தவம் கிடப்பதுதான் அதுவரை வழக்கம். அவர் சறுக்குப் பெட்டியின்மேல் மடக்கிக் கவிழ்க்கும் கூடாரம் ஒன்றைச் செய்து, ஓட்டைக்கு ஓட்டை மாறிக்கொண்டே இரு என்று ஒரு தலைமுறைக்குச் சொல்லிக்கொடுத்தார். மாறிக்கொண்டே இருப்பவனுக்குத்தான் கருவி தேவை. இந்த ஓட்டைக்குக் கீழே ஒன்றுமில்லை என்று சொல்ல ஓர் ஆள் வேண்டுமே.

பெட்டியின் முகப்பு வட்டம். உச்சியில் சுழியம், வலம் சுற்றாக ஆழம் ஏறும். உள்ளே ஒரு தட்டு சுழன்றுகொண்டே இருக்கிறது. எதிரொலி திரும்பும் கணத்தில் அதிலுள்ள விளக்கு மின்னுகிறது. குளிர்ந்த நன்னீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,400 மீட்டர் ஓடும். ஒன்பதடி போய்த் திரும்ப நொடியில் இருநூறில் ஒரு பங்குகூட ஆகாது. ஆகவே நீங்கள் பார்ப்பது இப்போது நடப்பது. ஒன்பதடியில் தடித்த சிவப்புப் பட்டை, அது குளத்தின் தரை. பெரியவர் மெழுகுப்புழு குத்திய அரிசியளவு டங்ஸ்டன் முள்ளை இறக்கினார். உச்சியிலிருந்து ஒரு மெல்லிய பச்சைக் கோடு மெதுவாக நகர்ந்து இறங்கியது. நம் தூண்டிலை நாமே பார்க்கிறோம்.

தரைக்கு ஓரடி மேலே நிறுத்தி நுனியை லேசாக அதிரவிட்டார். கொஞ்ச நேரத்தில் தரைப் பட்டையின் ஓரம் கலைந்தது. அதிலிருந்து இன்னொரு பச்சைக் கோடு பிரிந்து எழுந்தது. ஆரஞ்சாயிற்று. பிறகு சிவப்பு. ஒலிக்கூம்பின் ஓரத்தில் நிற்கும் மீனின் எதிரொலி மெலிது, அதனால் பச்சை. நேர் கீழே வந்துவிட்டால் சிவப்பு. பெரியவர் முள்ளை அரையடி உயர்த்தினார். சிவப்பும் உயர்ந்தது. இன்னும் உயர்த்தினார். நின்றுவிட்டது. சற்று யோசித்து, பச்சையாகி, தரைக்கே திரும்பிவிட்டது. “பசியில்லை, வேடிக்கை பார்க்க வந்தது” என்றார். அன்று அவர் பேசிய நீண்ட வாக்கியங்களில் அது ஒன்று.

எனக்கு மீன் பிடிப்பதைவிட இதுதான் பிடித்துப்போயிற்று. தக்கையைப் பார்த்துக் காத்திருப்பவனுக்கு மீன் கடித்தது மட்டுமே தெரியும். வந்தது, பார்த்தது, வெறுத்தது, திரும்பிப் போனது எதுவும் தெரியாது. இங்கே நிராகரிப்பும் கண்ணுக்குத் தெரிகிறது. எடிட்டர்களுக்குக் கட்டுரை அனுப்பிப் பழகிய எனக்கு அந்தச் சிவப்புக் கோட்டின்மேல் கோபமே வரவில்லை.

சிறு குளத்தில் மீன் எங்கே இருக்கும்? தண்ணீர் 4 டிகிரியில்தான் அதிகக் கனம். அதனால் கட்டிக்கு அடியில் சுழியம், தரையில் 4 என்று வெப்பம் தலைகீழாகக் கிடக்கும். பருவத் தொடக்கத்தில் பசுமை மாறாத பாசியின் ஓரங்களில் மீன் நிற்கும். தை, மாசி வாக்கில் நிலைமை மாறும். மேலே பனி மூடி வெளிச்சம் போகாது, செடிகள் பிராணவாயு தருவதை நிறுத்தும், அடியில் அழுகும் சருகு இருப்பதையும் தின்னும். பிராணவாயு முதலில் தீர்வது சேற்றையொட்டி. மீன்கள் மேலே ஏறிக் கட்டிக்குச் சற்றுக் கீழே வந்து நிற்பதும் உண்டு. தரையிலேயே தூண்டிலை வைத்திருப்பவன் அப்போது தரையோடு மட்டும் பேசிக்கொண்டிருப்பான். ஃபிளாஷர் மூன்றடியில் ஒரு கோடு காட்டும். சிறு குளத்தில் அந்தப் பெட்டிக்கு முழுச் சம்பளம் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றியது இதனால்தான்.

நடுவில் குளம் ஒரு சத்தம் போட்டது. கரையிலிருந்து கரைக்கு, அடிவயிற்றிலிருந்து கிளம்பிய உறுமல். நான் எழுந்து நின்றுவிட்டேன். வெப்பம் மாறும்போது கட்டி விரிந்து சுருங்கும், விரிசல் ஓடும், அவ்வளவுதான் என்றார் பெரியவர். உட்காரச் சொல்லிக் கைகாட்டிவிட்டு மறுபடி பெட்டியைப் பார்க்க ஆரம்பித்தார்.

எதை வாங்குவது என்ற கேள்விக்கு வருகிறேன். டொராண்டோவுக்கு வடக்கே சிம்கோ ஏரியிலும் குளிர்காலத்தில் பனிமேல் ஊரே கூடுகிறது. கனடா வாசகர் யாராவது கேட்கத்தான் போகிறார்கள். திரும்பும் வழியில் பெரியவர் என்னை ஒரு கடைக்கு அழைத்துப் போனார். ஒரு சுவர் முழுக்கத் திரைகள். ஒரு கோடியில் சில நூறு டாலருக்கு வெக்ஸிலார், மார்கம் ஃபிளாஷர்கள். இரண்டுமே மினசோட்டாப் பெயர்கள். மறுகோடியில் நேரலை சோனார். 2018இல் கார்மின் நிறுவனம் லைவ்ஸ்கோப்பைக் கொண்டுவந்த பிறகு மற்றவர்களும் ஓடிவந்தார்கள். துளைக்குள் கம்பியை இறக்கித் திருப்பினால் பக்கவாட்டில் பல அடி தூரத்தில் மீன் வாலாட்டுவது படமாகவே தெரிகிறது. விலை இரண்டாயிரம் டாலரைச் சுற்றி, வாங்கும் தொகுப்பைப் பொறுத்து மேலும். நடுவில், கைபேசிக்குப் படம் அனுப்பும் லித்துவேனியாவின் டீப்பர் பந்துகள். பந்து நன்றாகத்தான் இருக்கிறது. அந்தக் குளிரில் கைபேசிதான் உயிரை விட்டுவிடும். நீருக்கடி கேமராவும் உண்டு. தெளிந்த ஏரியில் சொர்க்கம், கலங்கிய குளத்தில் வெறும் பச்சைத் திரை.

ஒன்பது, பத்தடிக் குளத்துக்குப் பெட்டி வாங்குபவர் பார்க்க வேண்டியது திரையின் அளவையல்ல. ஒலிக்கூம்பு எத்தனை டிகிரி என்று கேளுங்கள். 20 டிகிரிக் கூம்பு பத்தடியில் மூன்றரை அடி வட்டத்தைப் பார்க்கும், 9 டிகிரி ஒன்றரை அடிக்குச் சற்று மேல். ஆழமற்ற குளத்தில் அகலக் கூம்பு நல்லது, பாசி மண்டிய குளமென்றால் குறுகியது, இல்லாவிட்டால் ஒவ்வோர் இலையும் மீனாகத் தெரியும். குறைந்த சக்தியில் இயங்கும் வசதி கட்டாயம் வேண்டும். பெரிய ஏரிக்குச் செய்த பெட்டி குட்டைத் தண்ணீரில் கத்தினால் முகப்பு முழுதும் சிவந்து போகும். பக்கத்தில் நண்பரும் பெட்டி வைத்திருப்பார், ஒன்றன் ஒலி மற்றதைக் குழப்பும், அதைத் தவிர்க்கும் பொத்தான் இருக்கிறதா என்றும் பாருங்கள். லித்தியம் பேட்டரி ஈயத்தைவிட மிக லேசு, ஆனால் உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. வீட்டுக்குள் கொண்டுவந்து, குளிர் விட்ட பிறகு சார்ஜில் போடுங்கள்.

நேரலை சோனார் சிறு குளத்துக்கு வேண்டாம் என்பேன். விலைக்காக மட்டும் அல்ல. எங்கள் தூண்டிலில் கடைசியில் மாட்டியது உள்ளங்கை அகல ப்ளூகில் ஒன்று, கழுத்தடியில் செம்மஞ்சள். அது ஒன்பது அங்குலம் வளரப் பத்தாண்டுக்கு அருகில் ஆகும். கூட்டைக் காப்பது பெரிய ஆண்மீன்கள். அவற்றை அரித்தெடுத்துவிட்டால் சின்ன ஆண்கள் அவசரப்பட்டுப் பருவமடைந்து, வளர்ச்சி நின்று, குளம் முழுக்கப் பொடி மீனாகிவிடும். இதற்காகவே மினசோட்டாத் துறை, மாநிலத்தின் பொது வரம்பு நாளுக்கு 20 என்றிருந்தும், பல ஏரிகளில் 10, 5 என்று குறைத்திருக்கிறது. நாலு ஏக்கர் குளத்தில் ஒளிய இடமில்லாத மீனை எங்கே நிற்கிறதென்று படம் போட்டுக் காட்டும் கருவியை இறக்குவது வேட்டையில் சேராது. பெரியவர் ப்ளூகிலின் முள்ளைக் கழற்றி, துளைக்குள் தலைகீழாக நழுவவிட்டார். முகப்பில் ஒரு சிவப்புக் கோடு உச்சியிலிருந்து தரைக்கு இறங்கிப் போனது.

மின்சாரம் இல்லாமலும் மீனைப் பார்க்கும் வழி இந்த மண்ணில் இருக்கிறது. இங்கத்திய பூர்வகுடிகளான ஒஜிப்வே மக்கள் தலைமுறைகளாகப் பனித்துளைமேல் இருட்டாக மூடிப் படுத்து, மரத்தில் செதுக்கிய பொய்மீனை ஆட்டி, வரும் மீனை ஈட்டியால் குத்தினார்கள். மேலே இருட்டானால் கீழே தண்ணீர் தானே வெளிச்சமாகிவிடும், பனிக்கட்டி வழியே பகல் உள்ளே இறங்குவதால். இருட்டுக் குடிசையில் உட்கார்ந்து பைக் மீனை ஈட்டியால் எடுப்பது இன்றும் இங்கே சட்டப்படி நடக்கிறது.

வாங்குவதானால் ஒரு சாதாரண ஃபிளாஷரைப் பழையதாக வாங்குங்கள். மிச்சமாகும் பணத்தில் முதலில் அந்த ஆணிப் பிடிகள், பிறகு நல்ல பூட்ஸ். உள்ளூர்க்காரர் ஒருவர் கடப்பாரையோடு முன்னே நடக்காமல் பனியில் இறங்காதீர்கள். அடுத்த வாரம் மில் லாக்ஸ், இருநூறு சதுர மைலுக்கு மேற்பட்ட ஏரி. அதன்மேல் காரிலேயே போகிறோம்.