ஒரு மைப்பெட்டியும் ஓர் அழிப்பானும்

பொருள் குறைந்த இடத்தில் கலையும் குன்றிவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். வாழ்த்து அட்டை செய்வதற்கு வண்ணத் தாள்கள் வேண்டும், பலநிற மைகள் வேண்டும், நகரத்துக் கடைகளில் விற்கும் அழகிய முத்திரைகள் வேண்டும் என்று பட்டியலிடுகின்றனர்; அவை கிட்டாதபோது முயற்சியையே கைவிட்டு விடுகின்றனர். கைபேசியில் வந்த படமொன்றை நூறு பேருக்கு ஒரே நொடியில் அனுப்பிவிட்டு, வாழ்த்தும் கடமை முடிந்ததென்று அமைதி கொள்வோரும் உண்டு. ஆனால் ஊதா நிற மைப்பெட்டி ஒன்று, அழிப்பான் ஒன்று, பாதி பிளேடு ஒன்று ஆகிய மூன்றைக் கொண்டே மனத்தைத் தொடும் வாழ்த்து அட்டைகளைச் செய்ய இயலும். ஆண்டுதோறும் திசம்பர் தொடக்கத்தில் எம் பங்குப் பிள்ளைகளோடு திண்ணையில் அமர்ந்து இதனை நாம் கண்டு வருகின்றோம்.

மலிவான பொருள்களாயினும் இவற்றுக்குப் பின்னே ஒரு வரலாறு உண்டு. பென்சில் கோட்டை ரப்பர் துடைத்துவிடும் என்பதை 1770-இல் ஆங்கில அறிஞர் ஜோசப் பிரீஸ்ட்லி குறித்து வைத்தார். அக்காலத்து ரப்பர் வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதியும் நெகிழ்வும் பெறும் என்பதை 1839-இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் கண்டறிந்தார். ரப்பர் முத்திரைகள் பிறந்தது அதன் பின்னரே. 1843-இல் இலண்டனில் ஹென்றி கோல் என்பவர், தமக்குரிய எல்லோருக்கும் தனித்தனியே மடல் எழுத நேரமின்றி, ஜான் ஹார்ஸ்லி என்னும் ஓவியரைக் கொண்டு கிறிஸ்து பிறப்பு வாழ்த்து அட்டை ஒன்றை வரையச் செய்தார். அச்சிடப்பட்டவை ஏறத்தாழ 1000 அட்டைகள். விலை ஒரு ஷில்லிங். அன்றைய உழைப்பாளிக்கு அது எட்டாத விலை. ஆகவே, வாங்க இயலாதவர் தம் கையாலேயே செய்து கொள்ளும் வழக்கம் நம் பிள்ளைகளோடு தொடங்கியதன்று.

இனிச் செய்முறைக்கு வருவோம். எம் குமரி மாவட்டத்து மலையடிவாரங்களில் ரப்பர் மரங்கள் நிறைந்திருப்பினும், கடையில் ‘ரப்பர்’ என்று கேட்டு நாம் வாங்கும் வெள்ளை அழிப்பான்களுள் பல வினைல் என்னும் நெகிழியால் ஆனவை. செதுக்குவதற்கு அவையே எளியவை. வேண்டிய உருவை முதலில் ஒரு தாளில் பென்சிலால் அழுத்தி வரைய வேண்டும். அத்தாளை அழிப்பானின்மேல் கவிழ்த்து நகத்தால் தேய்த்தால் உரு அதில் இடவலம் மாறிப் படியும். முத்திரையாகப் பதிக்கும்போது அது மீண்டும் மாறி நேராகிவிடும். எழுத்துகளைச் செதுக்குவோர் இதனை மறத்தலாகாது. கோட்டுக்கு வெளியே பிளேடைச் சற்றுச் சாய்த்து, அடிப்பகுதி அகன்றிருக்குமாறு வெட்ட வேண்டும். அடிப்பகுதி குடைந்து போனால் நுண்ணிய கோடுகள் அழுத்தும்போது வளைந்துவிடும். பிளேடு பிடிக்கும் பணியை வளர்ந்தோர் ஏற்றல் நலம்.

மை இடுவதிலும் ஒரு முறை உண்டு. முத்திரையை மைப்பெட்டியில் புதைத்து எடுப்பதைவிட, மைப்பெட்டியைக் கவிழ்த்து முத்திரையின்மேல் மெல்லத் தட்டுவது நன்று. அப்போது பள்ளங்களில் மை தேங்குவதில்லை. பதிக்கும் வேளையில் முத்திரையை இப்புறமும் அப்புறமும் ஆட்டாமல், நேராக அழுத்தி நேராக எடுக்க வேண்டும். தாளின் அடியில் பழைய செய்தித்தாள் நான்கு மடிப்பு இருந்தால் உரு முழுமையாக விழும்.

ஒரே நிற மைதானே என்று பிள்ளைகள் தொடக்கத்தில் முகம் சுருக்குவர். ஒருமுறை மையிட்டு, மீண்டும் மையிடாமல் மூன்று முறை பதித்துக் காட்டினால் அவர்தம் முகம் மலரும். முதற்பதிவு கரிய ஊதா, இரண்டாவது இளைத்தது, மூன்றாவது மங்கியது. கரியதை அருகிலும் மங்கியதை மேலேயும் அமைத்தால், அண்மை மலையும் தொலைவு மலையும் ஒரே மையில் எழுகின்றன. குடிலுக்குப் பின்னே மரம் தோன்ற வேண்டுமா? குடிலை அட்டையில் பதித்து, அதனையே மெல்லிய தாளிலும் பதித்துக் கத்தரித்து, முதல் குடிலை அத்தாளால் மூடிவிட்டு, அதன் விளிம்பை ஒட்டி மரத்தைப் பதிக்க வேண்டும். மூடிய தாளை எடுத்தால் மரம் பின்னே நிற்கும்.

அழிப்பானும் இல்லாதவர் அடுக்களையை நாடலாம். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டினால் ஐந்து மூலை கொண்ட மலர் கிடைக்கும். வாழை மட்டையின் வெட்டுமுகம் சிறு அறைகள் நிறைந்த பிறை. உருளைக்கிழங்கை வேண்டிய வடிவில் செதுக்கலாம். வெட்டிய முகத்தின் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்த பின்னரே மை தொட வேண்டும். இல்லையேல் மை கசியும். அட்டைக்கு, பழைய திருமண அழைப்பிதழ்களின் வெற்றுப் பக்கமே போதும். வழவழப்பான தாளில் மட்டும் இம்மை எளிதில் உலராது.

விரலும் ஒரு முத்திரைதான். அதனை எமக்கு உணர்த்தியவர் ஒரு மூதாட்டி. எம் மாவட்டத்தார் ‘அண்டி ஆபீஸ்’ என்று வழங்கும் முந்திரி ஆலையில் இளமை முதல் கொட்டை உடைத்தவர் அவர். முந்திரி ஓட்டிலுள்ள எரிநெய் தோலை அரிக்க வல்லது. அவருடைய விரல் நுனிகள் வழுவழுவென்று தேய்ந்து போயிருந்தன. 2020-இல் நியாயவிலைக் கடைகளில் விரல்ரேகைக் கருவி வந்த பிறகு, அது அவருடைய விரலைப் பலமுறை ஏற்பதில்லை. பின்னர் வேறு வழியில் அரிசி கிடைத்துவிடும் என்பது உண்மையே. ஆயினும் பின்னால் நிற்போர் பார்த்திருக்க, விரலை முந்தானையில் துடைத்துத் துடைத்து வைக்கும் அந்தச் சில நிமிடங்கள் அவருக்குப் பெரும் துயரம். மைப்பெட்டியைக் கண்டாலே அவர் கையை மறைத்துக் கொள்வார். படிக்கத் தெரியாத பத்திரங்களில் கைநாட்டு வைத்த நினைவு அவருக்கு.

அன்று அவருடைய பேத்தி கட்டைவிரலால் மலர் ஒன்றை உருவாக்கிக் கொண்டிருந்தாள். இளவிரலின் ரேகைகள் இதழ் முழுவதும் கோடுகளாய் விழுந்தன; அவளுக்கோ நிறைந்த இதழ் வேண்டும். “பாட்டி, உங்க வெரல தாங்க” என்று கேட்டு, மறுத்த கையை இழுத்து மையில் தொட்டுத் தாளில் வைத்தாள். தேய்ந்த விரலல்லவா! கோடின்றி நிறைவான இதழ் விழுந்தது. ஐந்து முறை வைத்ததும் மலர் முற்றிற்று. மூதாட்டி அதனை நெடுநேரம் நோக்கியிருந்துவிட்டு எம்மிடம் சொன்னார்: “மிசினு என் வெரல எடுக்காது சாமி, இந்தத் தாளு எடுத்திட்டே!”

அந்த அட்டை குவைத்தில் வேலை செய்யும் மகனுக்குச் சென்றது. அதுவரை அவர் மகனுக்கு அனுப்பிய மடல்கள் எல்லாம் பிறர் எழுதியவை. முழுவதும் தம் கையாலேயே ஆன முதல் மடல் இதுவே. ‘கைநாட்டு’ என்னும் சொல்லை நாம் இகழ்ச்சிச் சொல்லாக்கி வைத்திருக்கின்றோம். ஆனால் ஒருவருடைய விரல்பதிவு மற்றெவருக்கும் அமையாதது. உழைப்பினால் தேய்ந்த விரலோ, தேய்ந்த அளவுக்குத் தன் வாழ்வைத் தாளில் சொல்லிவிடுகின்றது. கருவி படிக்க இயலாததை மகன் படித்திருப்பான்.

ஆதலின், வரும் விழாக் காலத்தில் அட்டை செய்ய அமரும் இல்லங்களுக்கு நம் வேண்டுகோள் ஒன்று. பிள்ளைகளை மட்டும் அழைக்காதீர்கள். எழுதத் தெரியாத முதியோரையும் அருகில் அமர்த்துங்கள். மலரோ மீனோ குருவியோ அவர்கள் விரலில் தோன்றட்டும். கண்ணும் அலகும் பேனாவால் பிள்ளைகள் இடட்டும். தொலைவில் இருப்போருக்கு அவற்றை அனுப்புங்கள். மை நன்கு உலரும் வரை மட்டும் பொறுத்திருங்கள். விரைந்து மடித்தால் ஒரு பக்கத்து மலர் மறுபக்கத்திலும் ஒட்டிக்கொள்ளும்.