கையைத் தூக்காத கோடு

இரும்புக்கை மாயாவிக்கு மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும். இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் கொண்டுவந்த முதல் புத்தகமே அவன் கதைதான். எங்கள் கைக்கு அது வந்து சேர்ந்தபோது அட்டையும் இல்லை, கடைசிப் பக்கங்களும் இல்லை. மாமா நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் பெயிண்டர். பிரஷ் துடைக்க எடைக்கு வாங்கிய பழைய பேப்பர் கட்டில் கிடந்ததை எடுத்துவைத்து, எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறி எங்கள் கொல்லிமலை ஆலத்தூர் நாட்டுக்குக் கொண்டுவந்தார். கதை எப்படி முடிந்தது என்று இன்றுவரை நான் தேடிப் படிக்கவில்லை.

என்னைப் பிடித்துக்கொண்டது கதையல்ல. கண்ணுக்குத் தெரியாத ஆளை எப்படி வரைவது? நாற்காலி தானாகச் சாய்ந்திருக்கும், திரைச்சீலை ஒதுங்கியிருக்கும், காவல்காரன் ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்து வெலவெலத்து நிற்பான். நடுவில் இருப்பது வெறும் காகிதம். ஆனால் அங்கே ஓர் ஆள் நிற்பது நன்றாகத் தெரியும். கையின் பளபளப்பும் அப்படித்தான், மை படாமல் விட்ட இடம். வரைந்தவர் பார்சிலோனாக்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோ என்பதும், 1962-ல் இங்கிலாந்தில் ‘வேலியண்ட்’ என்ற வார இதழில் வரத் தொடங்கிய தொடர் அது என்பதும் கும்பகோணத்தில் கவின் கலை படிக்கப் போன பிறகு தெரிந்துகொண்டவை. வகுப்பில் ஆளாளுக்குப் பிடித்த ஓவியரைச் சொல்லச் சொன்னார்கள். எனக்கு முன்னால் சொன்னவர்கள் எல்லாம் வான்கோ, வான்கோ என்றார்கள். நான் மாயாவி என்றேன். சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

மாமாவிடம் படித்த பாடத்துக்கு மதிப்பெண் கிடையாது. லாரி நெற்றியில் முதலாளியின் குலதெய்வம் பெயரை எழுதும்போது ‘ஸ்ரீ’யை ஒரே இழுப்பில் முடிப்பார். சுண்ணாம்புக் கட்டியால் இரண்டு கோடு போட்டுக்கொள்வார், மூச்சைப் பிடித்துக்கொள்வார், அவ்வளவுதான். சிலேட்டில் எனக்கும் பழக்கினார். “கையத் தூக்காம இழு புள்ள. தூக்குன எடத்துல ஒட்டுத் தெரியும்.”

இந்த வாக்கியம் ஓவியர் ஆதிமூலத்தின் காந்திகளைப் பார்த்த அன்று திரும்ப வந்தது. கே.எம். ஆதிமூலம் 1938-ல் துறையூர் பக்கம் கீரம்பூரில் பிறந்தவர். துறையூரில் நின்றால் ஒரு பக்கம் பச்சைமலை, ஒரு பக்கம் எங்கள் மலை. சென்னை ஓவியக் கல்லூரியில் படித்து, 1969 காந்தி நூற்றாண்டை ஒட்டி அவர் வரைந்த கோட்டோவியங்களில் காந்தி நடக்கிறார், குனிகிறார், நூற்கிறார். சில படங்களில் கோடுகள் நூல் உருண்டை கலைந்ததுபோல் சுற்றிச் சுற்றி வரும். வேறு சிலவற்றில் ஒரு முதுகு, ஒரு தடி, முடிந்தது. ஜூனியர் விகடனில் எழுத்தாளர் கி.ரா.வின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’க்கு அவர் போட்ட படங்களையும் பிறகு பார்த்தேன். அவற்றில் வரும் கிழவர்களின் முகத்தில் கோடு பட்ட இடத்தைவிடப் படாத இடம்தான் அதிகம் பேசுகிறது. பின்னாளில் அவர் வண்ணப் பரப்புகளுக்குப் போனார். பெரிய விலைக்குப் போனவையும் அவைதான் என்பார்கள். எனக்கு மை போதும்.

எனக்குப் பிடித்ததெல்லாம் குறைந்த சரக்கில் செய்தது என்பது ஸ்டீவ் ரைக்கைக் கேட்டபோதுதான் உறைத்தது. அமெரிக்க இசையமைப்பாளர். 1972-ல் ‘க்ளாப்பிங் மியூசிக்’ என்று ஒன்று செய்தார். வாத்தியம் கிடையாது, இரண்டு பேர், நான்கு கை. பன்னிரண்டு எண்ணிக்கையில் ஒரு தாளத்தை இருவரும் சேர்ந்து தட்டுவார்கள். ஒருவர் அப்படியே தட்டிக்கொண்டிருக்க, மற்றவர் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை ஓர் எண்ணிக்கை தள்ளிப் போவார். தள்ளித் தள்ளிப் பன்னிரண்டாவது முறையில் இருவரும் பழையபடி ஒன்றாகிவிடுவார்கள். அதே தட்டு, ஆனால் நடுவில் எத்தனை தாளம் பிறந்து போய்விடுகிறது!

விடுமுறையில் ஊருக்குப் போனபோது இதைக் கேட்கச் சொல்லி அம்மாவிடம் போனைக் கொடுத்தேன். அம்மாவும் பெரியம்மாவும் ஒரே உரலில் சாமை குத்தி வளர்ந்தவர்கள். ஓர் உலக்கை ஏறும்போது மற்றது இறங்கும். ஆயாவும் சேர்ந்துகொண்டால் மூன்று. உலக்கையோடு உலக்கை ஒருநாளும் இடித்ததில்லை. மூச்சு விடும் ‘ஸ்’ஸும் தாளத்துக்குள்தான் விழும். தவிடு பறக்கும், கைவளையல் முழங்கை வரை ஏறி இறங்கும், பேச்சும் நிற்காது. அம்மா முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “ஒருத்தன் கை நழுவுது கண்ணு. ஆனா வேணும்னே நழுவுறான்.” ரைக் பற்றி நான் படித்த கட்டுரைகளில் இவ்வளவு சுருக்கமாக ஒருவரும் சொல்லவில்லை.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் மலைக்குச் சிறுதானிய மில்களைக் கொண்டுவந்த பிறகு உலக்கைச் சத்தம் குறைந்துவிட்டது. பெண்களின் தோள்வலியும் குறைந்தது. இதற்காகக் கண்ணீர் விடுகிற கலைஞர்களை இரண்டு படி சாமை குத்தச் சொல்ல வேண்டும்.

உரல் என்றதும் எனக்கு நினைவுக்கு வருபவர் சங்கப் புலவர் வன்பரணர். புறநானூற்றின் 152-வது பாட்டில், காட்டுப்பன்றியின் தலையை அவர் உரலுக்குத்தான் ஒப்பிடுகிறார். எங்கள் மலையை ஆண்ட வல்வில் ஓரி விட்ட ஒரே அம்பு யானையைச் சாய்த்து, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியை வீழ்த்தி, புற்றிலிருக்கும் உடும்பில் போய்த் தைக்கிறது. பள்ளிக்கூடத்தில் இதை வீரம் என்று சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு அது நீளமான ஒரு காமிக்ஸ் கட்டம். இறுதி ஆண்டில் ஒரு சுருள் காகிதத்தில் வரைந்தேன். ஐந்து விலங்கும் உண்டு, அம்பு கிடையாது. ஐந்தும் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிவதைப் பார்த்தால் அம்பு எந்த உயரத்தில் போனது என்று தெரிந்துவிடும். பிளாஸ்கோவிடம் வாங்கிய கடன்.

அதே பாட்டில் முழவு, யாழ், தூம்பு, எல்லரி, ஆகுளி, பதலை என்று பாணர் கூட்டம் மொத்த வாத்தியத்தையும் எடுக்கச் சொல்கிறது. அடுத்த பாட்டிலோ ஓரி வாரி வழங்கி, அவர்கள் உண்ட மயக்கத்தில் ஆடவும் பாடவும் மறந்தே போகிறார்கள். கிண்டலா பாராட்டா என்று எனக்கு இன்னும் சந்தேகம். அந்த மயக்கம் எனக்கும் வந்ததுண்டு: ஒருமுறை ஒரு போட்டியில் எனக்குப் பெரிய வண்ணப்பெட்டி ஒன்று பரிசாகக் கிடைத்தது. அதன் பிறகு வெகுநாள் உருப்படியாக ஒன்றும் வரையவில்லை.

கும்பகோணத்துக் கோயில் ஒன்றில், ஓதுவார் ஒருவர் அப்பரின் முதல் பதிகத்தைப் பாடி முடித்துவிட்டு எந்த ஊர் என்று கேட்டார். கொல்லிமலை என்றேன். “இப்ப பாடினதும் கொல்லிதாம்மா, பண் கொல்லி” என்றார். இன்றைய கச்சேரிக்காரர்கள் நவரோசு என்பது அதைத்தான். மேல் ஸட்ஜமம் வரை ஏறுவதே இல்லை. கீழ்ப் பஞ்சமத்திலிருந்து நடுப் பஞ்சமம் வரைதான் அதன் நடமாட்டம், தாலாட்டுக்குப் போதுமான இடம். அப்பருக்கு வயிற்றுவலியைச் சொல்லி அழவும் அது போதுமானதாக இருந்திருக்கிறது.

ஆடி 17, 18-ல் செம்மேட்டில் ஓரி விழா நடக்கும். மலர்க் கண்காட்சிக்குத்தான் கூட்டம். ஓவியம் படிக்கப் போகிற தம்பி தங்கைகள் வந்தால் குதிரைமேல் இருக்கும் ஓரி சிலையைப் பார்த்துவிட்டு, சந்தை ஓரமாக உட்கார்ந்து பலாப்பழம் அறுக்கிறவர்களின் கையை வரையுங்கள். வண்ணம் வேண்டாம். ஒரு பாட்டில் இந்தியன் இங்க், ஒரு பிரஷ், நிறையப் பழைய பேப்பர். முதல் வருஷத்துக்கு அது போதும்.