ஒரு சாவிக்குள் இரண்டு சாவிகள்

காரின் ரிமோட் சாவி வேலை செய்யவில்லை என்று சொல்பவர் ஒரே பொருளைப் பற்றிப் பேசுவதாகவே நினைக்கிறார். உள்ளங்கையில் அடங்கும் அந்தக் கறுப்பு உறைக்குள் பெரும்பாலும் இரண்டு சாவிகள் இருக்கின்றன. ஒன்று கதவைத் திறப்பது. மற்றது என்ஜின் இயங்க அனுமதி தருவது. முதலாவதைப் பழுதுபார்க்க வீட்டு மேசை போதும். இரண்டாவது, உரிமையாளரின் கைக்கு எட்டாதவாறே வடிவமைக்கப்பட்டது. இந்த வேறுபாட்டை அறியாமல் நல்ல சாவியைக் குப்பையில் எறிபவர்களும் உண்டு. திறந்து பார்க்கப்போய் காரையே முடக்கிக்கொள்பவர்களும் உண்டு.

திறப்பது எளிது. உறையின் இணைப்புக் கோட்டில் ஒரு சிறு பள்ளம் இருக்கும். தட்டையான திருப்புளியை அதில் வைத்து மெல்லத் திருப்பினால் இரு பாதிகளும் பிரியும். சில மாதிரிகளில் மட்டும் திருகு ஒன்று மறைந்திருக்கும். உள்ளே இருக்கும் வட்ட மின்கலம் பெரும்பாலும் சிஆர்2032. அதன் அளவு அந்தப் பெயரிலேயே இருக்கிறது: 20 மி.மீ. விட்டம், 3.2 மி.மீ. தடிமன். மின்னழுத்தம் 3 வோல்ட். பழைய மின்கலத்தை மல்டிமீட்டரில் வைத்தால் ஏறத்தாழ 3 வோல்ட் காட்டி ஏமாற்றுவதுண்டு. சமிக்ஞை அனுப்பும் கணத்தில்தான் அதன் அழுத்தம் சரியும். முன்பு தூரத்திலிருந்தே திறந்த கதவு இப்போது அருகில் வந்தால்தான் திறக்கிறது என்றால், முதலில் மாற்ற வேண்டியது மின்கலத்தையே. கழற்றிய மின்கலம் குழந்தைகளின் கைக்கு எட்டக்கூடாது. விழுங்கினால் இரண்டு மணி நேரத்திற்குள்ளாகவே உணவுக்குழாயை அரித்துவிடக்கூடும்.

எல்லாப் பொத்தான்களும் இயங்க, ஒன்று மட்டும் இயங்கவில்லை என்றால் மின்கலத்தின் மீது பழி சுமத்த முடியாது. அந்தப் பொத்தானின் கீழுள்ள சிறு சுவிட்ச் தேய்ந்திருக்கும், அல்லது அதன் கால்களைப் பலகையோடு பிணைக்கும் ஈயப்பற்று விரிசல் விட்டிருக்கும். கடலோர நகரங்களில் ஈரமும் வியர்வையும் உள்ளே படிந்து தொடர்பைக் கெடுப்பதும் வழக்கம். மின்கலத்தை எடுத்துவிட்டு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து உலரவிட்டாலே பல சாவிகள் பிழைத்துக்கொள்ளும். பிழைக்காவிட்டால் மும்பை லாமிங்டன் சாலையிலோ பெங்களூரு எஸ்.பி. சாலையிலோ சில ரூபாய்க்குக் கிடைக்கும் சுவிட்ச் ஒன்றை வாங்கி, சாலிடரிங் செய்யத் தெரிந்தவர் மாற்றிவிடலாம். தொலைக்காட்சி ரிமோட்டைக் கைப்பேசிக் கேமராவின் முன் பிடித்துச் சோதிக்கும் உத்தி மட்டும் இங்கே பயன்படாது. அது அகச்சிவப்பு ஒளியைக் காட்டும் உத்தி. கார்ச் சாவி அனுப்புவதோ, இந்தியாவில் பரவலாக 433.92 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் வானொலி அலை.

அந்த அலையில் செல்லும் குறியீடு ஒவ்வொரு அழுத்தத்துக்கும் மாறும். சாவியும் காரும் ஒரே எண்ணிக்கையை வைத்துக்கொண்டு முன்னேறுகின்றன. காருக்கு எட்டாத தொலைவில் சில முறை அழுத்தினால் கார் பொறுத்துக்கொள்ளும். அளவு மீறினால் இரண்டையும் மீண்டும் ஒத்திசைக்க வேண்டும். இதற்காகப் பல நிறுவனங்கள் பயன்படுத்திய கீலாக் என்ற மறைகுறியீட்டு முறை 1980களில் தென்னாப்பிரிக்காவில் உருவானது. 1995இல் அமெரிக்காவின் மைக்ரோசிப் நிறுவனம் அதை வாங்கியது. 2008இல் ஜெர்மனியின் போகும் ருர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சிப் எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தை அளந்தே அதன் ரகசியத் திறவெண்ணைக் கண்டெடுத்தனர்.

இரண்டாவது சாவிக்கு மின்கலமே இல்லை. அரிசிமணி அளவிலான கண்ணாடிக் குழலாகவோ சிறு கரித்துண்டு போன்றோ உறையின் ஒரு மூலையில் அது பதிந்திருக்கும். சில சாவிகளில் பலகையிலேயே இருக்கும். இக்னிஷன் பூட்டைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் சுமார் 125 கிலோஹெர்ட்ஸில் உண்டாக்கும் காந்தப்புலத்திலிருந்தே அது ஆற்றல் பெற்றுத் தன் அடையாளத்தைச் சொல்லும். அடையாளம் பொருந்தினால்தான் என்ஜின் ஓடும். தேய்ந்த உறைக்குப் பதிலாகப் புதிய உறை வாங்குபவர்கள் பலகையை மட்டும் மாற்றிவிட்டு, இந்தச் சிறு துண்டைப் பழைய உறையோடு எறிந்துவிடுகிறார்கள். கதவு வழக்கம்போலத் திறக்கும். வண்டி மட்டும் கிளம்பாது. எனவே புதிய சாவியால் என்ஜின் கிளம்புவதைப் பார்க்கும்வரை பழைய உறையை எறியக்கூடாது என்பதே இந்த வேலையின் முதல் விதி.

இந்தத் துண்டு தொலைந்த பிறகு திருப்புளியால் பயனில்லை. புதிய சிப்பைக் காருக்கு அறிமுகப்படுத்தத் தனிக் கருவியும் நிறுவனத்தின் அனுமதியும் தேவை. உதிரிபாகங்களும் பழுதறியும் கருவிகளும் வெளிப் பட்டறைகளுக்கு எட்டாமல் வைக்கப்பட்டதற்காக, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கும் மேல் அபராதம் விதித்தது, மேல்முறையீடுகள் தொடர்ந்தன. 2022இல் ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை அமைத்த பழுதுபார்க்கும் உரிமைக் குழு, தான் கவனம் செலுத்தும் துறைகளுள் ஒன்றாக வாகனங்களையும் சேர்த்துக்கொண்டது.

திருட்டைத் தடுக்கவே இந்த ரகசியம் என்பது நிறுவனங்களின் வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. யார் வேண்டுமானாலும் சாவி செய்யலாம் என்றால் பூட்டுக்குப் பொருளில்லை. எனினும், ஒரு மறைகுறியீட்டின் வலிமை அதன் வடிவமைப்பை ஒளிப்பதில் இருக்கக்கூடாது, திறவெண்ணைக் காப்பதில் இருக்க வேண்டும் என்று கெர்க்ஹாஃப்ஸ் 1883இலேயே எழுதிவிட்டார். உரிமையாளரின் அடையாளத்தைச் சரிபார்த்த பின் புதிய சிப்பைப் பதிய எந்தத் தேர்ந்த பட்டறைக்கும் வழி திறப்பது ஒன்று. அந்த வேலையை ஒரே வாசலில் அடைத்துவைப்பது வேறொன்று. முன்னது பாதுகாப்பு, பின்னது வணிகம். தேய்ந்த சுவிட்சை மாற்றியவருக்குத் தன் சாவியில் எதுவரை தன் கை செல்லும் என்பது தெரிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் ஏன் செல்லவில்லை என்று கேட்கும் உரிமையும் அவருக்கு இருக்கிறது.