பாத்திமாவுக்குச் செல்வோர் கவனத்திற்கு

2012ஆம் ஆண்டு ஒரு சுற்றுலாக் குழுவினரோடு பாத்திமா அன்னையின் திருத்தலத்திற்குச் சென்றிருந்தேன். ஓர் இரவு மட்டுமே தங்கினோம். மறுநாள் காலை பேருந்து மேற்கு நோக்கிப் புறப்பட்டது. அரை மணி நேரத்தில் சாலையோரம், மஞ்சள் படிந்த கல்லாலான பெருங்கோயில் ஒன்று எழுந்து நின்றது. அது பட்டாலியா மடமென்று குருமடத்தில் திருச்சபை வரலாறு படித்த எனக்குத் தெரியும். நிறுத்தும்படி வேண்டினேன். "நேரமில்லை, ஃபாதர்" என்றார் வழிகாட்டி. கோயில் சாளரத்தில் தோன்றி மறைந்தது. அன்று பிற்பகலே நினைவுப்பொருள் கடை ஒன்றில் இரண்டு மணி நேரம் காத்துக் கிடந்தோம்!

நம் பங்குக் குடும்பங்கள் பல, ஆண்டுக்கணக்கில் சேமித்து வெளிநாட்டுத் திருத்தலங்களுக்குச் செல்கின்றன. ஒன்பது நாளில் ஐந்து நாடு என்று விளம்பரம் அழைக்கிறது. போய் வந்தவர்களைக் கேட்டால் விமான நிலையங்களையும் உணவு விடுதிகளையும் பற்றித்தான் நிறையச் சொல்கிறார்கள். அவர்களைக் குறை கூறேன். நானும் அப்படித்தான் திரும்பி வந்தேன். ஆனால் ஒரே நாட்டை எடுத்துக்கொண்டு, அதன் கட்டடங்களை ஒரு நூலைப்போல வரிசையாகப் படித்துப் பார்க்கலாம் என்பதை 2019இல் கண்டுகொண்டேன். அந்த நாடு போர்த்துக்கல்.

அம்முறை எங்கள் பங்கிலிருந்து பதினொரு பேர். புறப்படுவதற்கு ஓராண்டுக்கு முன்பிருந்தே மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை பங்கு மன்றத்தில் கூடினோம். ஒவ்வொரு குடும்பத்திற்கும் ஒரு கட்டடம்; அதைப் பற்றிப் படித்து வந்து மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் இதை மகிழ்ச்சியோடு செய்தார்கள். பெரியவர்களில் சிலர் முணுமுணுத்தார்கள். "அன்னையைப் பார்க்கத்தானே சாமி போகிறோம்? அந்தப் பழைய கட்டடங்களெல்லாம் எதற்கு? பாத்திமாவிலேயே இன்னும் ஒரு நாள் இருந்து செபிக்கலாமே" என்று வெளிப்படையாகக் கேட்டவர், ஓய்வுபெற்ற கொத்தனார் ஒருவர். வளைகுடாவிலிருந்து மகன் அனுப்பிய பணத்தில் வந்தவர். அவருக்குத் தக்க விடை அன்று என்னிடம் இல்லை.

தேச வரைபடத்தை விரித்துப் பார்த்தபோது ஓர் உண்மை புலப்பட்டது. அல்கோபாசா, பட்டாலியா, தோமார் ஆகிய மூன்று பெரும் மடங்களும் பாத்திமாவிலிருந்து சுமார் 40 கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. எனவே பாத்திமாவிலேயே மூன்று இரவு தங்கினோம். பகலில் வேன் அமர்த்திக்கொண்டு ஒரு மடத்தைப் பார்த்து வருவோம். இரவில் மெழுகுவர்த்திப் பவனியில் கலந்துகொள்வோம். பெரியவர் கேட்ட செபமும் குறையவில்லை. (பாத்திமா என்று பெயர் தாங்கிய இரயில் நிலையம் திருத்தலத்திலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தள்ளியிருக்கிறது. பெயரை நம்பி இறங்கிவிடாதீர்கள்.)

வழியின் வசதியைப் பாராமல், கட்டடங்களின் வயதையே வரிசையாக வைத்துக்கொண்டேன். முதலில் அல்கோபாசா. நாட்டின் முதல் மன்னர் அஃபோன்சோ ஹென்ரிக்கஸ் 1153இல் சிஸ்டர்சியன் துறவிகளுக்கு அளித்த இடம் அது. உள்ளே நுழைந்ததும் கண் தேடுவது எதுவும் இல்லை. ஓவியமில்லை, பொன் வேலையில்லை. வெண்ணிறத் தூண்கள் நூறு மீட்டருக்கும் மேலாக நீண்டு செல்கின்றன. கூரை 20 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. நம் கோயில்களில் பூக்களும் வண்ண விளக்குகளும் கண்டு பழகிய எங்களுக்கு, அந்த வெறுமை முதலில் சற்று அச்சமூட்டியது. கால் மணி நேரம் ஒருவரும் பேசவில்லை. சிறு குழந்தையும் அழவில்லை என்பதைத் தாய்மார்கள் பின்னர் சொல்லிச் சொல்லி வியந்தார்கள்.

அங்கேதான் மன்னர் முதலாம் பேத்ரோவின் கல்லறையும், அவர் உயிராக நேசித்த இனேஸின் கல்லறையும் இருக்கின்றன. பேத்ரோ இளவரசராக இருந்தபோது அவருடைய தந்தையின் ஆணையால் 1355இல் இனேஸ் கொல்லப்பட்டார். அரியணை ஏறிய பின் பேத்ரோ இரு கல்லறைகளைச் செய்வித்தார். உயிர்ப்பு நாளில் எழும்போது ஒருவர் முகத்தை ஒருவர் முதலில் காணும்படி, காலுக்குக் கால் எதிரே அவை வைக்கப்பட்டிருக்கின்றன என்பது மரபு. இனேஸின் கல்லறைக் கால்மாட்டில் பொதுத்தீர்வைக் காட்சி செதுக்கப்பட்டுள்ளது. மன்னரின் வாழ்க்கையை நான் புகழவில்லை. அவர் பழிவாங்கிய விதம் கொடியது. ஆயினும் உடல் உயிர்த்தெழும் என்று நாம் ஞாயிறுதோறும் அறிக்கையிடுவதை இத்தனை நேராக நம்பிய வேறொரு கல்லறையை நான் கண்டதில்லை.

மறுநாள் பட்டாலியா. 1385 ஆகஸ்ட் 14 அன்று அல்ஜுபரோட்டா போர்க்களத்தில் வென்ற முதலாம் ஜான் மன்னர், அன்னைக்குச் செய்த நேர்ச்சையாக எழுப்பிய மடம் இது. பணி 1386இல் தொடங்கி ஒரு நூற்றாண்டுக்கு மேல் நடந்தது. துறவிகள் கூடும் மன்றத்தில் நுழைந்தோம். பக்கத்திற்கு ஏறத்தாழ 19 மீட்டராக விரிந்த சதுர அறை அது. நம் கொத்தனார் நடுவில் போய் நின்று மேலே பார்த்தார். பின்னர் சுற்றிலும் பார்த்தார்.

"நடுத்தூண் எங்கே சாமி?"

"இல்லை" என்றேன்.

"அப்படியானால் சென்ட்ரிங் பிரித்தவன் யார்?"

வழக்கிலுள்ள கதையும் அதைப் பற்றியதுதான். கூரை இடிந்துவிடுமென்று அஞ்சி, மரண தண்டனை பெற்ற கைதிகளையே இந்தப் பணியில் அமர்த்தினார்களாம். சாரத்தைப் பிரித்த பின் கட்டடக் கலைஞரே அதன் அடியில் தன்னந்தனியாக ஓரிரவு தங்கினாராம். இதைக் கேட்ட பெரியவர் சிரிக்கவில்லை. தம் நாற்பது ஆண்டு அனுபவத்தில் ஒவ்வொரு தளத்திற்கும் பலகை பிரித்த நாளில் தாமே முதலில் கீழே போய் நின்றதாகச் சொன்னார். அதன் பிறகு "எதற்கு இந்தக் கட்டடங்கள்" என்று அவர் கேட்கவில்லை.

இம்மடத்தின் பின்புறம் கூரையே காணாத சிற்றாலயங்கள் உண்டு. 'முற்றுப்பெறாதவை' என்பதே அவற்றின் பெயர். துவார்த்தே மன்னர் தொடங்கினார். பின்வந்தவர்களின் மனம் வேறு பணிகளுக்குத் திரும்பிவிட்டது. சரிகை பின்னியது போன்ற வாயிலைக் கடந்து சென்றால் தலைக்கு மேல் வானம்.

முன்புறச் சிற்றாலயத்தில் ஜான் மன்னரும் அரசி பிலிப்பாவும் கைகோத்தவாறு கல்லில் துயில்கின்றனர். அருகில் அவர்களுடைய மகன் ஹென்றி; கடலோடிகளின் புரவலர் என்று போற்றப்படுபவர். மறைக்கல்வி வகுப்புகளில் அவரை வீரராகவே நான் காட்டி வந்திருக்கிறேன். 1444இல் லாகோஸ் துறைமுகத்தில் 235 ஆப்பிரிக்க மக்கள் கரையிறக்கப்பட்டுப் பங்கிடப்பட்டபோது, ஐந்தில் ஒரு பங்கைப் பெற்றவரும் இவரே. தாய் வேறு பிள்ளை வேறாகப் பிரித்ததை அவருடைய வரலாற்றை எழுதியவரே பதிவு செய்திருக்கிறார். அந்தக் கல்லறையின் முன் இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். சொல்லாமல் கடந்திருந்தால் அப்பயணத்திற்கு நான் தகுதியற்றவன்.

தோமாரைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1160இல் ஆலய வீரர் சபையினர் கட்டத் தொடங்கிய கோட்டையும் மடமும் அவை. அங்கே 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செதுக்கிய ஒரு பெரிய சாளரம் இருக்கிறது. கப்பற்கயிறு, பவளம், கடற்பாசி எல்லாம் கல்லாகி அதைச் சுற்றிக் கிடக்கின்றன. அதைப் போர்த்துக்கீசியர் 'ஜனேலா' என்கிறார்கள். நம் வீட்டு ஜன்னல் அந்தச் சொல்லிலிருந்து வந்ததே! சாவி, மேசை, அலமாரி என்று எங்கள் பிள்ளைகள் அடுக்கத் தொடங்க, மடத்துக் காவலர் எங்களையே வேடிக்கை பார்த்தார்.

பின்னர் லிஸ்பன் சென்றோம். நகரின் பெலேம் பகுதியில் ஆற்றங்கரையோரம் 1501இல் தொடங்கிய ஜெரோனிமோஸ் மடம், செதுக்கிய தந்தப் பேழையைப்போல நிற்கிறது. எங்கிருந்து வந்தது இதற்கான செல்வம்? ஆப்பிரிக்காவிலிருந்தும் கீழ்த்திசையிலிருந்தும் வந்த வாணிபப் பொருள்களின் மீது இருபதில் ஒரு பங்கு வரி. நம் அண்டை மலையாளக் கரையின் மிளகு அந்தத் தூண்களில் இருக்கிறது. கொச்சியில் 1524இல் இறந்த வாஸ்கோ ட காமா இதே கோயிலில்தான் கிடக்கிறார். இந்நகரில்தான் 1554இல், தமிழ் செபங்களும் மறைக்கல்வியும் உரோமை எழுத்தில் அச்சேறின; அந்நூலை ஆக்கியவர்கள் நம் நாட்டுக் கிறிஸ்தவர் மூவர். ஆகவே இக்கோயிலுக்குள் அந்நியராக நாங்கள் நடக்கவில்லை. கடன் கொடுத்தவர்களாகவும் நடந்தோம், வாங்கியவர்களாகவும் நடந்தோம்.

திங்கட்கிழமைகளில் இம்மடம் மூடியிருக்கும். ஓராண்டு திட்டமிட்ட நான் இந்த ஒன்றைக் கவனிக்கத் தவறினேன். மூடிய கதவின் முன் பதினொரு பேரும் என்னைப் பார்த்த பார்வையை மறக்க இயலாது. மறுநாள்தான் உள்ளே செல்ல முடிந்தது. உயிர்ப்பு ஞாயிறும் கிறிஸ்து பிறப்பு நாளும்கூட இத்தகைய இடங்களுக்கு விடுமுறையே. திருநாளன்று கோயில் திறந்திருக்கும் என்று நாம் எண்ணுவது இயல்பு. அருங்காட்சியகங்களாகிவிட்டவற்றுக்கு அது பொருந்தாது.

அந்தத் திங்கள் பிற்பகலில் வேறு வழியின்றி நகரின் மேட்டிலுள்ள கார்மேல் மடத்திற்குச் சென்றோம். அல்ஜுபரோட்டாவில் படை நடத்திய நூனோ ஆல்வரஸ் பெரெய்ரா 1389இல் நிறுவியது. பின்னாளில் அவரே அங்குத் துறவியானார். 2009இல் அவருக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது. 1755 நவம்பர் 1, சகல புனிதர் திருநாள். காலை ஒன்பதரை மணியைத் தாண்டிய வேளையில், கோயில்கள் நிறைந்திருந்தபோது, நிலம் நடுங்கியது. பின்னர் கடல் எழுந்தது. தீ நாட்கணக்கில் எரிந்தது. நகரம் மீண்டும் எழுந்தது. இந்தக் கோயிலின் நடுப்பகுதிக்கு மட்டும் கூரை வேயாமலே விட்டுவிட்டார்கள். வில்வளைவுகள் எலும்புகளைப்போல வானத்தில் நிற்கின்றன. கீழே புல் வளர்ந்திருக்கிறது.

நம் கொத்தனார் வளைவுகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே நடந்தார். பீடம் இருந்த திசையில் நின்றார். தலையிலிருந்த குல்லாவைக் கழற்றினார்.

"அன்றைக்குப் பூசை கண்டுகொண்டிருந்தவர்களுக்காக ஒரு செபம் சொல்லலாமா சாமி?"

சொன்னோம். தமிழில்தான். சுற்றிலும் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் சற்று விலகி எங்களுக்கு இடம் விட்டார்கள்.