வீட்டுக்குள் வரும் ரம்பம்

கோலார் தங்கவயலுக்கு இயந்திரங்கள் புதிதல்ல. 1902-லேயே சிவசமுத்திரத்தில் காவிரி நீரிலிருந்து எடுத்த மின்சாரம், சுமார் 150 கி.மீ. தூரம் கம்பி வழியாக வந்து இங்கே சுரங்கங்களை ஓட்டியது. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கங்கள் மூடப்பட்டன. பலர் தினமும் பெங்களூருக்கு ரயிலேறுகிறார்கள். ஊரிலேயே இருந்து பிழைக்க நினைக்கும் தச்சருக்கு வீட்டு முற்றமே பட்டறை. கைரம்பமும் இழைப்புளியும் ஏற்கனவே இருக்கும். அடுத்து அவர் கண் போவது பேண்ட் சா மீது.

சேமிப்பில் பெரும் பங்கு இதற்குப் போய்விடும் என்பதால் அவசரம் கூடாது. சுரங்கத்து ராட்சத இயந்திரங்களைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்குப் பெரியதுதான் நல்லதாகத் தோன்றும். ஆனால் கடையில் நிற்கும் இயந்திரத்தை அல்ல, வீட்டில் கிடக்கும் மரத்தைத்தான் முதலில் அளக்க வேண்டும்.

14 அங்குலச் சக்கரம் என்றால் பிளேடுக்கும் தூணுக்கும் நடுவே ஏறத்தாழ அவ்வளவு அகலப் பலகைதான் நுழையும். எவ்வளவு கனமான கட்டையை அறுக்கும் என்பது வேறு கணக்கு. இந்த அளவில் பல மாடல்களுக்கு 6 அங்குலம்தான் எல்லை. நாற்காலிக் கால், வளைவு வேலைப்பாடு, பலாப் பலகையை இரண்டாகப் பிளப்பது ஆகியவற்றுக்கு இது போதும்.

அடுத்தது மின்சாரம். ஒன்று, ஒன்றரை குதிரைத்திறன் மோட்டார் வீட்டு சிங்கிள் ஃபேஸில் ஓடும். மூன்று என்றால் பெரும்பாலும் த்ரீ ஃபேஸ் இணைப்பு கேட்கும். அந்தச் செலவு விலைச் சீட்டில் இருக்காது. மரம் அறுக்கும் ஆலைகளுக்கு உரிமம் தேவை என்பதால், வாங்கும் முன் வனத்துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவதும் நல்லது.

கடையில் மேல் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருந்தால் பெயின்ட் பளபளப்பு எதற்கும் உதவாது. பிளேடிலும் கவனம் தேவை: வளைவுக்கு கால் அங்குலம், நேராகப் பிளக்க அரை அங்குலமோ அதற்கு மேலோ. எப்போதும் குறைந்தது மூன்று பற்களாவது மரத்துக்குள் இருக்க வேண்டும். வட்ட ரம்பம் சுமார் 3 மி.மீ. மரத்தைத் தூளாக்கும் இடத்தில் இது 1 மி.மீ. அளவே தின்னும். விலையுயர்ந்த மரத்தில் அதுவே லாபம்.

கடைசியாக, தூசி. பாறைத் தூசி நுரையீரலை என்ன செய்யும் என்பதை சிலிகோசிஸ் இந்த ஊருக்கு நன்றாகவே கற்றுக் கொடுத்தது. மரத்தூளும் சாதுவல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-ல் அதைப் புற்றுநோய்க் காரணிகள் பட்டியலில் சேர்த்தது. முற்றத்துப் பட்டறைக்கும் சமையலறைக்கும் நடுவே பெரும்பாலும் ஒரு கதவுதான். எனவே தூசி உறிஞ்சும் குழாயை மாட்ட வசதியில்லாத ரம்பம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். சுரங்கத்துத் தூசி உழைத்தவரின் மார்பில் படிந்தது. இது குழந்தைகள் படுக்கும் பாய் வரை வரும்.